வாசமே இல்லாத இடம் எங்கே இருக்கிறது?

வாசமே இல்லாத இடம் ஒன்று சொல்லுங்கள் பார்ப்போம்.

மெதுவாக யோசியுங்கள், உங்களுக்கு அவசரமில்லை. எனக்குத்தான் போன வியாழக்கிழமை தலைபோகிற அவசரம். பின்சீட்டில் ஜெபா, அவள் மடியில் ஓர் அட்டைப்பெட்டி... நல்லூரிலிருந்து பொங்கலூர் வரைக்கும் ஸ்கூட்டரை விரட்டிக்கொண்டு போனேன். எதற்கு? காற்றுக்கு. எந்த வாசமும் கலக்காத வெறும் காற்றுக்கு!

சிரிக்காதீர்கள். முழுக்கக் கேட்டுவிட்டு அப்புறம் சிரியுங்கள்.

எல்லாம் ஒரு டிஃப்யூசரால் வந்தது.

ஆடி மாசக் காற்று எங்கள் பக்கம் எப்படி அடிக்கும் என்று இந்தப் பத்தியை விடாமல் படிப்பவர்களுக்குத் தெரியும். வருஷா வருஷம் புலம்புகிறேனே! பாலக்காட்டுப் பக்கமிருந்து கிளம்பி வந்து கதவைப் படார் படாரென்று அறையும். உதடு வெடிக்கும், மூக்குக்குள் காய்ந்து எரியும். தெருவில் பறக்கிற பஞ்சு மொத்தமும் விருந்துக்கு வந்த ஒறம்பரை மாதிரி வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும், லேசில் கிளம்பாது. பெங்களூரில் இருக்கும் மகளிடம் போனில் சொல்லிப் புலம்பினேன். அவள் ஆறுதலெல்லாம் சொல்ல மாட்டாள். ஆர்டர் போட்டுவிடுவாள்.

பார்சல் வந்தது. பிரித்தால், தயிர்ச் சட்டியைக் கவிழ்த்து வைத்தது போல ஒரு வெள்ளை மெஷின். கூடவே குட்டிக் குட்டி பாட்டிலில் வாசனை எண்ணெய்கள்.

“தண்ணி ஊத்தி நாலஞ்சு சொட்டு விடும்மா. ரூம்ல ஈரப்பதமும் இருக்கும், வாசமாவும் இருக்கும். லாவெண்டர் போட்டுப் பாரு, மனசு அப்படியே அமைதியாயிரும்.”

அமைதி! என்னை ஒரு இடத்தில் உட்கார வைக்கவே இன்னும் ஆள் பிறக்கவில்லை. இதில் அமைதி வேறு.

ஆனால் பொய் சொல்லக்கூடாது. தண்ணீர் ஊற்றி, சொட்டு விட்டு, பொத்தானை அமுக்கியதும் மேலே இருக்கும் துவாரத்திலிருந்து வெள்ளையாக ஆவி எழுந்து வளைந்ததைப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. தொட்டால் சுடவில்லை. தண்ணீரை அதிர வைத்தே பொடிப் பொடியாக்கி அனுப்புகிறதாம். விளக்கு வேறு நீலம், பச்சை, ரோஸ் என்று மாறிக்கொண்டே இருந்தது. முதலில் போர்வெல் தண்ணீரை ஊற்றினேன். நாலு நாளில் டிவி மேல், கட்டில் தலைமாட்டில், எங்கு பார்த்தாலும் விபூதி பூசினாற்போல வெள்ளைப் பொடி. எங்கள் ஊர்த் தண்ணீரின் உப்பு ஆவியோடு சேர்ந்து வீடு முழுக்க ஊர்கோலம் போயிருக்கிறது! அப்புறம் கேன் தண்ணீருக்கு மாறினேன்.

எங்கள் வீட்டுக்காரருக்கு அந்த மெஷினைக் கண்டாலே ஆகவில்லை.

“ஏம்புள்ள, ஈரம் வேணும்னா நாலு சொம்புத் தண்ணியத் தரையில தெளிச்சு உட்டுட்டுப் போறது! இதுக்குக் கரண்டு, லைட்டு, எண்ணெ... என்ன ஜம்பமோ!”

அவர் அப்படிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தெருக்கோடியில் எங்களுக்கு ஒரு சின்ன நிட்டிங் ஷெட். நூலைத் துணியாகப் பின்னும் மெஷின்கள் ஓடும் இடம். காற்று காய்ந்து போனால் பருத்தி நூல் பட்டுப் பட்டென்று அறும். அதனால் ஆடிக் காற்று கிளம்பிவிட்டால் ஷெட்டில் தரையெல்லாம் தண்ணீர் தெளிப்பார்கள், ஜன்னலில் ஈரச் சாக்கைத் தொங்கவிடுவார்கள். பருத்திக்கு ஈரம் நல்லது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எங்கள் வீட்டுக்காரர் இதைச் சொல்வார்.

இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். வினை இங்கேதான் முளைத்தது.

இனி ஜெபா. ஜெபராணி. எங்கள் காம்பவுண்டிலேயே பின்பக்க வீட்டில் குடியிருக்கிறாள். சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். பனியன் கம்பெனியில் டெய்லராகச் சேர்ந்து வருஷக்கணக்கில் அடுத்தவர் மெஷினில் தைத்தவள், போன வருஷம் துணிந்து வேலையை விட்டுவிட்டு, முன்னறையில் சொந்தமாக மெஷின்கள் போட்டாள். போட்டாளே தவிர, வேலை? பெரிய யூனிட்டுகளில் மிஞ்சி வழிவதுதான். இன்றைக்கு இருக்கும், அடுத்த வாரம் இருக்காது.

“மெஷினு பாதி நாளு சும்மாத்தான் கெடக்குக்கா. பேசாம மறுபடியும் கம்பெனிக்கே போயிரலாமான்னு இருக்கு” என்று என் வாசற்படியில் நின்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள்.

அவளுக்குத்தான் முதல்முதலாக ஓர் எக்ஸ்போர்ட் ஆபீஸ் நேரடியாகச் சாம்பிள் தைக்கக் கொடுத்திருந்தது. பிறந்த குழந்தைக்குப் போடும் ராம்பர். கையும் காலும் சேர்ந்து ஒரே உடுப்பாக இருக்குமே, அது. சைஸுக்கு ஒன்று. சாம்பிள் தேறினால் அவள் மெஷின்கள் நிற்காமல் ஓடும். தேறாவிட்டால், டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு பழைய கம்பெனி வாசலில் நிற்க வேண்டியதுதான்.

புதன்கிழமை சாயங்காலம் எல்லாவற்றையும் தைத்து முடித்து, அயர்ன் போட்டு, ஒவ்வொன்றையும் கவரில் போட்டு, பெட்டியோடு வந்தாள்.

“எக்கா, இன்னைக்கு ஒரு ராத்திரி மட்டும் இது உங்க ஏசி ரூம்ல இருக்கட்டும். எங்க வீட்டுல அவிய கருவாடு வாங்கியாந்து வச்சிருக்காவ. பொரிச்சா துணியில ஏறிரும். கொழந்த உடுப்புல ஒரு வாசமும் இருக்கக்கூடாதுன்னு ஆபீஸ்ல படிச்சுப் படிச்சு சொல்லிருக்காவ. மோந்து பாத்துத்தான் எடுப்பாவளாம்.”

எங்கள் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியுமே. ஒறம்பரை வந்தால் ஹாலில் பாய். சாம்பிள் வந்தால் ஏசி ரூமில் கட்டில்! மகளின் அறையில், கட்டில் நடுவில் பெட்டியை வைத்தேன். “துணி பத்திரம்” என்று வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, வெள்ளகோவிலில் ஒரு வளைகாப்புக்குக் கிளம்பிப் போய்விட்டேன்.

அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் போயிருக்கலாம்.

திரும்பி வரும்போது மூக்கு அடைத்து, தலை வலித்து, ஹாலிலேயே சுருண்டு படுத்துவிட்டேன். காலையில் ஜெபா குளித்து, தலை பின்னி, புதுச் சேலை கட்டிக்கொண்டு பெட்டியை எடுக்க வந்தாள். இரண்டு பேருமாகப் போய் அறைக் கதவைத் திறந்தோம்.

முகத்தில் தலையணையை வைத்து அமுக்கினாற்போல ஒரு வாசம். லாவெண்டர்! அடைத்திருந்த என் மூக்கே திறந்துகொண்டது என்றால் பாருங்கள். கட்டிலை ஒட்டி ஸ்டூல். ஸ்டூல் மேல் டிஃப்யூசர், ரோஸ் விளக்கோடு. பெட்டி திறந்து கிடக்கிறது. கவர்களின் வாயெல்லாம் அகலமாகப் பிரித்து விடப்பட்டிருக்கிறது.

வீட்டுக்காரர் காபி டம்ளரோடு பின்னால் வந்து நின்றார். முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

“நாந்தான் போட்டு உட்டேன்.”

“ஏனுங்க... என்னத்தப் போட்டு உட்டீங்க?”

“தொட்டுப் பாத்தேன் புள்ள. துணி மொறமொறன்னு காஞ்சு கெடந்துச்சு. ஆபீஸ்காரன் கையில எடுத்துப் பாப்பான்ல? மெத்துன்னு இருக்கோணும்ல? அதான் கவரெல்லாம் பிரிச்சு உட்டு, ராத்திரி பூராம் மெஷின ஓட உட்டேன். இப்பத் தொட்டுப் பாரு!”

“எத்தன சொட்டு உட்டீங்க?”

“என்ன சொட்டு?”

“எண்ணெய்ங்க!”

“சொட்டெல்லாம் எந்த மூலைக்குப் பத்தும்? கொழந்தத் துணி, நல்லா வாசமா இருக்கட்டும்னு பாட்டிலயே கவுத்து உட்டேன்.”

ஜெபா ஒரு ராம்பரை எடுத்து முகத்தில் வைத்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“எக்கா... பியூட்டி பார்லர் மாதிரில்லா மணக்கு! நான் கருவாட்டுக்குப் பயந்துல்லா இங்க கொண்டாந்தேன்...”

“நல்ல வாசந்தான ஜெபா?” என்றார் எங்கள் வீட்டுக்காரர். குரலில் திருப்தி கொஞ்சம் குறைந்திருந்தது.

“அண்ணாச்சி, நாத்தம்னாலும் ரிஜெக்ட்டு, நல்ல மணம்னாலும் ரிஜெக்ட்டு. பச்சப்புள்ள தோலுக்கு எதுவும் ஆவாதாம்.”

அவர் காபி டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். நான் வாயைத் திறக்கப் போனேன். “அண்ணாச்சிய ஒண்ணும் சொல்லாதிய” என்று ஜெபா என் கையைப் பிடித்துவிட்டாள். அழுகிற நேரத்தில்கூட மரியாதை தவறாத பெண்.

துவைத்து விடலாமா? தண்ணீரில் போட்டால் அளவு சுருங்கும். அளந்து பார்த்துத்தானே எடுப்பார்கள்! மறுபடி தைக்கலாமா? ஆபீஸில் கொடுத்த துணியில் மிச்சம் இருப்பது ஒரே ஒரு உடுப்புக்குத்தான் வரும். ஒரு நாள் தள்ளிக் கேட்கலாமா? முதல் சாம்பிளே தாமதம் என்றால் அடுத்தது யார் கொடுப்பார்கள்? மத்தியானத்துக்குள் கொண்டு போயாக வேண்டும்.

ஆரம்பித்தது ஓட்டம்.

மொட்டை மாடிக்கு ஓடினோம். காற்று பிய்த்துக்கொண்டு போனது. ஆனால் எதிர் வீட்டில் அன்றைக்கென்று பார்த்து மிளகாய் வறுக்கிறார்கள்! கீழே இறங்கினோம். ஹாலில் காலையில் நானே ஏற்றி வைத்த ஊதுபத்தி. ஜெபாவின் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தோம், கருவாடு. ஷெட்டில் மெஷின் ஆயில். தெருவில் இறங்கினால் ஜெனரேட்டரின் டீசல் புகை. எனக்கு நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேலே, கீழே, உள்ளே, வெளியே...

இத்தனை வருஷமாக இந்த வீட்டில் இருக்கிறேன். இத்தனை வாசம் இங்கே குடியிருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. மனுஷர்களின் மூக்கு விசித்திரமானது. பக்கத்து வீட்டு வாசம் அட்சர சுத்தமாகத் தெரியும். நம் வீட்டு வாசம் மட்டும் தெரியவே தெரியாது. வெளியூர்க்காரர்கள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் “புதுத்துணி வாசம் வருதே” என்பார்கள். நாம் “அப்படியா?” என்று கேட்போம்.

மூக்கின் இன்னொரு துரோகமும் அன்றைக்குத் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் ஜெபா ஒரு ராம்பரை முகர்ந்துவிட்டு, கண்ணை அகல விரித்தாள்.

“எக்கா, போயிட்டுல்லா?”

நானும் முகர்ந்தேன். ஆமாம், ஒன்றும் அடிக்கவில்லை. ஆனால்... துணியை விட்டுப் போனதா, எங்கள் மூக்கை விட்டுப் போனதா?

மூக்கைத் துடைத்துவிட்டு மறுபடி முகர்ந்தோம், அப்போதும் தெரியவில்லை.

அப்போதுதான் அதுவரை ஓரமாக நின்ற எங்கள் வீட்டுக்காரர் மெல்ல வாயைத் திறந்தார். “பொங்கலூர்ல உங்கண்ணன் தோட்டத்துக்குப் போங்க. அந்த மோட்டார் ரூம் மேல ஏறி நின்னா ஆளையே தூக்கற காத்து. அக்கட்டால ஒரு அடுப்புக் கெடையாது, புகை கெடையாது.” சொல்லிவிட்டு, “நான் வேணா வரட்டா?” என்றார்.

“வேண்டாமுங்க. நீங்க இங்கயே இருங்க. எதையும் தொடாம இருங்க.”

போகிற வழியெல்லாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு போனேன் என்றால் நம்புவீர்களா? பேக்கரியில் பஃப்ஸ் வேகிறது, லாரி புகை விடுகிறது, கோழிப்பண்ணையைத் தாண்டும்போது ஜெபா முந்தானையால் பெட்டியைப் பொத்திக்கொண்டாள். குழந்தையைப் பொத்துவது போலவே! வழியில் ஒரு இளநீர்க்காரர் இருந்தார். காலையிலிருந்து ஜெபா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நிறுத்தினேன். அவர் இளநீர் சீவும்போது எனக்குப் பளிச்சென்று ஒரு யோசனை. இவருடைய மூக்கு புது மூக்கு!

“ஏனுங்க, இதைச் சித்த மோந்து பாத்துச் சொல்லுங்க.”

அவர் ஏற இறங்கப் பார்த்தார். அரிவாளைக் கீழே வைத்து, கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, குனிந்து முகர்ந்தார்.

“சென்ட்டுப் பாட்டிலக் கொட்டிப்போட்டீங்களாட்ட இருக்குதுங்க!”

ஜெபா பாதி இளநீரை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டு, ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

மோட்டார் ரூம் மேல் ஏறினோம். எங்கள் வீட்டுக்காரர் சொன்னது சரிதான், ஆளைத் தூக்குகிற காற்று. தூரத்தில் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. கொடி கட்டிக் காயப் போட முடியாது, மடிப்பு விழும். க்ளிப் மாட்ட முடியாது, தடம் விழும். கீழே வைத்தால் செம்மண். வேறு வழி? ஆளுக்கொரு உடுப்பாகத் தோள்பட்டையில் விரலால் பிடித்துக்கொண்டு, கையை நீட்டியபடி நின்றோம். ஒன்று ஆறியதும் அடுத்தது. கை மரத்துப் போனது. என் கூந்தல் அவிழ்ந்து கண்ணை மறைத்தது, கட்ட ஒரு கை இல்லை.

காற்று உள்ளே புகுந்ததும் அந்த உடுப்புகளைப் பார்க்க வேண்டுமே! தட்டையாக மடிந்து கிடந்ததெல்லாம் புஸ்ஸென்று உப்பி, கைக்குக் கையாச்சு, காலுக்குக் காலாச்சு. உதைக்கிறது, துள்ளுகிறது, பிடியிலிருந்து நழுவப் பார்க்கிறது.

“எக்கா, இது நிக்க மாட்டேங்குக்கா! சேட்டக்காரப் பயலால்லா இருக்கான்!” என்று ஜெபா சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று, “ஆண்டவரே, இது தேறிட்டா போதும்” என்றாள். நான் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். காற்றில் தூசி விழுந்தால் கண் கலங்கத்தானே செய்யும்?

வீட்டு ஜன்னலையெல்லாம் சாத்தி எந்தக் காற்றை வெளியே நிறுத்தினேனோ, எந்தக் காற்றுக்குப் பயந்து மெஷின் வாங்க வைத்தேனோ, அதனிடமே வந்து கையை நீட்டிக்கொண்டு நிற்கிறேன்!

திரும்பும்போது அதே இளநீர்க்காரர். பெட்டியைப் பார்த்ததும் அவரே அரிவாளைக் கீழே வைத்துவிட்டார். மேலாக இருந்ததை எடுத்து முகர்ந்தார், அடுத்ததையும் முகர்ந்தார்.

“ஒண்ணும் தெரியலீங்க. வெறும் துணிதானுங்க.” பிறகு ஜெபாவைப் பார்த்து, “கொழந்தைக்கு எத்தன மாசமுங்க?” என்றார்.

“இனிமேத்தான் அண்ணாச்சி பொறக்கணும்” என்றாள் ஜெபா.

ஆபீஸுக்குப் போய்ச் சேர்ந்தோம். கண்ணாடிக் கதவைத் தள்ளித் திறந்தால்... ரிசப்ஷன் மேஜை மேல் என்ன இருக்கிறது, சொல்லுங்கள்? தயிர்ச் சட்டியைக் கவிழ்த்தாற்போல வெள்ளையாக ஒன்று. புஸ்... புஸ்... என்று ஆவி! அதே லாவெண்டர்!

ஜெபா பெட்டியோடு அப்படியே பின்னால் பாய்ந்தாள்.

“உள்ள வந்து உக்காருங்க மேடம், ஏசி இருக்கு” என்றது ரிசப்ஷன் பெண்.

“இருக்கட்டும் கண்ணு. எங்களுக்கு வெயில்தான் ஒத்துக்கும்” என்றேன்.

வாசலில் வெயிலில் நின்று, கூப்பிட்டதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த இடத்தைக் கடந்து க்யூசி அறைக்குள் ஓடினோம். தரம் பார்க்கிற தம்பி சின்ன வயசு, மூக்கு மட்டும் பெரிசு. அளந்தார். தையலை இழுத்து இழுத்துப் பார்த்தார். ஒவ்வொன்றாக முகத்தருகே கொண்டு போனார். ஓகே. ஓகே. கடைசியாக, பெரிய சைஸ். முகர்ந்தவர் நிறுத்தினார். மறுபடி முகர்ந்தார்.

“இதுல மட்டும் என்னமோ லேசா வருதுங்களே.”

ராத்திரி பெட்டியில் மேலாக, மெஷினின் வாயை ஒட்டிக் கிடந்தது அதுதான்.

எனக்கு நாக்கு நுனிக்கே வந்துவிட்டது... ‘உங்க ரிசப்ஷன்ல இருந்து ஏறியிருக்கும் தம்பி!’ யாரால் இல்லை என்று சொல்ல முடியும்? நான் வாயைத் திறக்க, ஜெபா என் காலை நறுக்கென்று மிதித்தாள்.

“எங்க வீட்டுல ஏறிட்டு சார். எங்க அண்ணாச்சி, கொழந்தத் துணி வாசமா இருக்கட்டும்னு ஆசைப்பட்டு மெஷின் போட்டுட்டாவ. இந்த ஒரு சைஸுக்குத் துணி மிச்சம் இருக்கு சார். சாயங்காலத்துக்குள்ள தச்சுக் கொண்டாந்துருதேன்.”

அந்தத் தம்பி நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். “மத்ததெல்லாம் ஓகேங்க அக்கா. ஆபீஸ் மூடறதுக்குள்ள அத மட்டும் கொண்டு வந்துருங்க.”

அன்றைக்கு மத்தியானம் எங்கள் காம்பவுண்டில் அடுப்பு எரியவில்லை. எரிய விடவில்லை. எங்கள் வீட்டுக்காரர் கேட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். எதிர் வீட்டுக்கே போய், “மொளகா வறுக்கறத நாளைக்கு வச்சுக்குங்க சாமி” என்று கேட்டுக்கொண்டாராம். எல்லோருக்கும் தயிர்சோற்றுப் பொட்டலம். ஜெபா ஜன்னலைத் திறந்து வைத்து, அந்தக் காற்றிலேயே உட்கார்ந்து தைத்தாள்.

முதல் ஆர்டர் வந்துவிட்டது. சின்ன ஆர்டர்தான். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே பின்பக்கத்திலிருந்து மெஷின் சத்தம் கடகடவென்று கேட்கிறது. எங்கள் வீட்டுக்காரர் நிமிஷத்துக்கொரு தரம் ஜன்னல் பக்கம் போய் அதைக் கேட்டுவிட்டு வருகிறார். டிஃப்யூசரை ஜெபாவே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

“கருவாடு பொரிக்க அன்னைக்குப் போட்டுக்கிடுதேன்க்கா. சாம்பிள் இருக்க அன்னைக்கு ரெண்டும் கெடையாது.”

கழித்துப் போட்ட அந்தப் பெரிய சைஸ் ராம்பர் மட்டும் என் பீரோவில் இருக்கிறது. திறக்கும்போதெல்லாம் லேசாக லாவெண்டர் வருகிறது. மனதை அமைதிப்படுத்தும் என்றுதான் அந்தப் பாட்டிலில் போட்டிருந்தது.

எனக்கோ, அந்த வாசம் வந்த மறுநொடி ஸ்கூட்டர் சாவி எங்கே என்று கை தேடுகிறது!